இந்த கேரக்டர் எந்த ஊரு? வீடியோ கேம் ஆக்சென்ட் குழப்பமும் கள்ளக்குறிச்சி பேச்சும்

பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒருவர் போனில் பேசுகிறார். ரெண்டு நிமிஷம் காதில் விழுந்தாலே "இவர் மதுரைப் பக்கம்", "இது கோயம்புத்தூர்" என்று மனசுக்குள் முடிவு கட்டிவிடுகிறோம். சில சமயம் மட்டும் பிடிபடவே மாட்டேங்கும். வீடியோ கேம் விளையாடுகிறவர்களுக்கு அப்படிப் பல வருஷம் பிடிபடாமல் இருந்த குரல் ஒன்று உண்டு. அந்தக் குரலின் கதையை கள்ளக்குறிச்சியில் இருந்து பார்த்தால் இன்னும் சுவாரஸ்யம்.

யார் அந்த குளோயி?

'அன்சார்ட்டட் 2' கேம் 2009-ல் வந்தது. அதில் குளோயி ஃப்ரேசர் என்று ஒரு புதையல் வேட்டைக்காரி. பேசுவது ஆங்கிலம்தான். ஆனால் எந்த நாட்டு ஆங்கிலம்? பிரிட்டிஷ் மாதிரியும் இருக்கும், ஆஸ்திரேலியா மாதிரியும் இருக்கும். குரல் கொடுத்தவர் கிளாடியா பிளாக், சிட்னியில் பிறந்த நடிகை. பல நாட்டு வேடங்களில் நடித்துப் பழகிய குரல் என்பதால், ஒரே ஊரில் கொண்டுபோய் நிறுத்த முடியாத பேச்சு.

2017-ல் 'தி லாஸ்ட் லெகசி' வந்தபோதுதான் விஷயம் தெளிவானது. குளோயியின் அப்பா இந்தியர். அவர் வளர்ந்தது ஆஸ்திரேலியாவில். கேம் நடக்கும் இடம் மேற்குத் தொடர்ச்சி மலை, தேடும் பொருள் ஹொய்சாளர் காலத்து விநாயகர் தந்தம். முதலில் குரல், அப்புறம் ஊர். கதாபாத்திரத்தின் பூர்வீகத்தை எட்டு வருஷம் கழித்துச் சொன்னாலும் பேச்சு பொருந்திப்போனது. ஏனென்றால் அது ஏற்கெனவே ரெண்டுங்கெட்டான் பேச்சு!

இங்கே ஒரு சின்ன கிளைக்கதை. ஹொய்சாளர் என்றதும் பேலூர், ஹளேபீடு என்று கர்நாடகாதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் 1231 வாக்கில் ஹொய்சாள மன்னர் இரண்டாம் நரசிம்மனின் படை வந்து இறங்கியது நம்ம உளுந்தூர்பேட்டை பக்கம். காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன், சோழ மன்னர் மூன்றாம் ராஜராஜனைச் சிறைப்பிடித்து சேந்தமங்கலம் கோட்டையில் வைத்திருந்தான். அவரை மீட்கத்தான் அந்தப் படை வந்தது. சேந்தமங்கலம் இன்றைக்கு கள்ளக்குறிச்சி மாவட்டம். கடைசிக் காலத்தில் மூன்றாம் வல்லாளன் தலைநகராக வைத்திருந்தது பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலை. கேம் எடுத்தவர்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஆக்சென்ட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறோம்?

காது மூன்று விஷயங்களைக் கவனிக்கிறது. எழுத்து எப்படி ஒலிக்கிறது, வாக்கியம் எங்கே ஏறி எங்கே இறங்குகிறது, என்ன சொல் வந்து விழுகிறது. தமிழில் 'ழ' ஒன்றே போதும். வாழைப்பழத்தை வட மாவட்டங்களிலும் பழைய சென்னையிலும் "வாயப்பயம்" என்பார்கள். தெற்கே போனால் "வாளப்பளம்". "அங்கிட்டு இங்கிட்டு" என்றால் மதுரை. "சொல்லுங்ணா" என்றால் கொங்கு. "ஏலே" என்றால் திருநெல்வேலி என்று சின்னக் குழந்தையும் சொல்லிவிடும், சினிமா அந்த அளவுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

கள்ளக்குறிச்சிக்காரர் பேசினால்? இங்கேதான் பலரும் தடுமாறுவார்கள். மேற்கே சேலம், ஆத்தூர். வடக்கே திருவண்ணாமலை. கிழக்கே விழுப்புரமும் விருத்தாசலமும். தெற்கே பெரம்பலூர். நாலு பக்கத்துப் பேச்சும் சந்தைக்கும் கல்யாணத்துக்கும் வந்து போகிற ஊர். சின்னசேலம் தாண்டினால் கொங்கு வாடை லேசாக அடிக்கும். திருக்கோவிலூர் பக்கம் போனால் "வந்துகினு", "போயிகினு" காதில் விழும். வெளியூர்க்காரர் கேட்டால் "சேலமா? விழுப்புரமா?" என்று ரெண்டுக்கும் நடுவில் நிற்பார். குளோயிக்கு நடந்ததும் இதேதான்.

அதற்காக இந்தப் பக்கத்துப் பேச்சுக்கு முகமே இல்லை என்று நினைக்க வேண்டாம். விருத்தாசலம் பக்கத்து எழுத்தாளர் கண்மணி குணசேகரன் 'நடுநாட்டுச் சொல்லகராதி' என்று ஒரு அகராதியே தொகுத்திருக்கிறார். கரிசலுக்கு கி.ராஜநாராயணன், கொங்குக்கு பெருமாள்முருகன் செய்த வேலையை நடுநாட்டுக்குச் செய்தவர் அவர். 2020-க்கான சாகித்ய அகாதமி விருது வாங்கிய இமையத்தின் கதைகளில் மனிதர்கள் பேசுவதும் இந்த மண்ணின் பேச்சுதான். பிரச்சினை பேச்சில் இல்லை. சினிமாவும் டிவியும் (எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்) இதைப் போதுமான அளவு கேட்க வைக்கவில்லை. கேட்டுப் பழகாத பேச்சு 'ஆக்சென்ட் இல்லாத பேச்சு' மாதிரித் தோன்றும்.

கேம்களில் நம்ம ஆட்கள் எப்படிப் பேசுகிறார்கள்?

'ஓவர்வாட்ச்' கேமில் வரும் சிமெட்ரா ஹைதராபாத்தில் பிறந்தவர் என்பது கதை. குரல் கொடுத்தவர் இந்திய வம்சாவளி அமெரிக்க நடிகை அஞ்சலி பீமானி. நடுநடுவே கதாபாத்திரம் பேசும் இந்திய மொழி ஹிந்தி. ஹைதராபாத்தின் தெலுங்கும் இல்லை, அங்கே தெருவில் கேட்கும் தக்கினியும் இல்லை. இந்தியா என்றால் ஒரே குரல் என்று வைத்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும்.

இதற்கு நேர்மாறு, கனடாவில் இருந்து 2023-ல் வந்த 'வெண்பா'. அங்கே குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பம், இட்லியில் தொடங்கும் சமையல், அம்மாவின் தமிழுக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பையன் கவின். வசனங்கள் எழுத்தாகத்தான் வரும், அதனால் எந்த ஊர்த் தமிழ் என்ற கேள்வியை விளையாடுகிறவர் தன் மனசுக்குள் கேட்கும் குரலே தீர்த்துக்கொள்ளும். 2024-ல் இந்த கேம் பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருதை வாங்கியது.

கேம் தானே, இதில் என்ன இருக்கு?

கேமில் தப்பாகக் கணித்தால் ஒன்றும் ஆகாது. நிஜத்தில் உச்சரிப்பு உயிரையே எடுத்திருக்கிறது. இலங்கையில் 1983 ஜூலைக் கலவரத்தில், வழியில் மடக்கியவர்களிடம் வாளிக்கான சிங்களச் சொல்லான 'பால்தியா'வைச் சொல்லச் சொன்னார்கள் என்று பதிவுகள் இருக்கின்றன. முதல் எழுத்தை உச்சரிக்கும் விதத்தை வைத்து ஆள் தமிழர் என்று கண்டுகொள்வார்கள். 1990-களில் இருந்து ஐரோப்பிய நாடுகள் சில, அடைக்கலம் கேட்டு வருகிறவரின் பேச்சை ஆய்வு செய்து "இவர் சொல்லும் ஊர் உண்மையா" என்று பார்க்கின்றன. பல இடம் மாறி வளர்ந்தவர் விஷயத்தில் இது எளிதில் தவறிவிடும் என்று மொழியியலாளர்கள் 2004-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டு எச்சரித்தார்கள்.

கல்வராயன் மலையில் என்ன குழப்பம்?

வெள்ளிமலைக்கு ஏறினால் இன்னொரு அடையாளச் சிக்கல். அங்கே வாழும் பழங்குடி மக்களின் பெயர் மலையாளி. வெளியே யாரிடமாவது "நான் மலையாளி" என்று சொல்லிப் பாருங்கள், "கேரளாவா? ஆனா தமிழ் நல்லா பேசுறீங்களே!" என்பார்கள். இவர்கள் தமிழ் பேசும் மலைவாசிகள். காஞ்சிபுரத்தில் இருந்து வந்த அண்ணன் தம்பிகளின் வம்சம் என்பது இவர்களுடைய வாய்மொழிக் கதை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பழங்குடியினர் சுமார் 8 லட்சம் பேர், அதில் மலையாளிகள் மட்டும் சுமார் மூன்றரை லட்சம். மாநிலத்தின் பெரிய பழங்குடிச் சமூகம், ஆனால் பெயரைக் கேட்டதும் பலருக்கு வேறு மாநிலம்தான் ஞாபகம் வருகிறது.

பட்டியலிலும் ஒரு விசித்திரம். மலையாளிகள் எந்தெந்த மாவட்டத்தில் பழங்குடியினர் என்று அரசுப் பட்டியல் ஊர் குறிப்பிட்டுச் சொல்கிறது: தருமபுரி, வடஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னாற்காடு, திருச்சிராப்பள்ளி. இதில் வடஆற்காடும் தென்னாற்காடும் இன்று இல்லை. 1985-ல் கல்வராயனில் பிறந்த ஒருவர், இருந்த இடத்தை விட்டு நகராமலேயே தென்னாற்காடு, 1993-க்குப் பிறகு விழுப்புரம், 2019-க்குப் பிறகு கள்ளக்குறிச்சி என்று மூன்று மாவட்டக்காரர் ஆகியிருப்பார். ஜாகீர்தார்கள் வசம் இருந்த இந்த மலை அரசு நிர்வாகத்துக்குள் வந்ததே 1976-ல்தான்.

இவர்களுக்காவது பட்டியலில் பழைய பெயரில் இடம் இருக்கிறது. ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் இருக்கும் மலையாளிகள், மலையும் பெயரும் ஒன்றாக இருந்தும் அந்த மாவட்டம் பட்டியலில் இல்லாததால், பழங்குடிச் சான்றிதழுக்காக நீண்ட காலமாகக் கோரிக்கை வைத்துப் போராடி வருகிறார்கள்.