மைதானத்து மண்

கொழும்பிலே நண்பர் ஒருவரின் இல்லத்தில் நிகழ்ந்த திருமணத்திற்காக, சென்ற ஆவணி மாதத்தில், எமது கல்லூரியின் பழைய மாணவர் நால்வர் ஒரு வானில் ஏறிக் கரடியனாற்றிலிருந்து பதுளை வீதி வழியே புறப்பட்டோம். மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை என மலையேறிப் பதுளையை அடைந்து, அப்பால் பலாங்கொடை, இரத்தினபுரி வழியாக மேல் மாகாணத்துள் இறங்குவது எமது திட்டம். எம்முள் ஒருவர் கட்டட ஒப்பந்தகாரர்; ஒருவர் உடற்கல்வி ஆசிரியர்; ஒருவர் வங்கியிற் பணிபுரிபவர்; நானோ தமிழ் கற்பிப்பவன். இத்தகையோர் கூடினாற் பேச்சு எங்கே செல்லும் என்பதை அன்பர்கள் ஊகித்துக்கொள்வர். பிபிலையைக் கடக்குமுன்னரே, இவ்விழாக் காலத்திற் கல்லூரிக்கு எதனைச் செய்வது என்னும் வாதம் தொடங்கிவிட்டது.

மைதானத்தின் கீழ்ப்புறத்திலே நினைவு மண்டபம் ஒன்று எழுப்பவேண்டும் என்பது ஒப்பந்தகார நண்பரின் கருத்து. சங்கத்தினர் பலரும் அக்கருத்தினரே. உண்மையைச் சொன்னால், அன்று காலை வரை நானும் மண்டபத்தின் பக்கமே நின்றேன். மாணவப் பருவத்தில் வாணி விழாவைத் தகரக் கொட்டகையிலே கொண்டாடியவனுக்கு மண்டபம் என்ற சொல் இனிக்காதா?

ஹோமாகமையை நெருங்கியபோது, அருகிலுள்ள தியகமவிலே பேஸ்போல் மைதானம் ஒன்று உண்டென்றும் அதனைப் பார்த்தே செல்லவேண்டும் என்றும் உடற்கல்வி ஆசிரியர் வற்புறுத்தினார். “மச்சான், கலியாண வீட்டுக்குப் போய்ச் சேருவம்; மைதானத்த மறுகா பாப்பம்” என்றார் ஒப்பந்தகாரர். ஆனால் வானைச் செலுத்தியவர் உடற்கல்வி ஆசிரியர். ஆதலின் வாதம் அவ்வளவில் முடிந்தது.

அம்மைதானம் யப்பானியரின் உதவியோடு அமைக்கப்பெற்று 2012 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. 1942 ஏப்பிரல் 9 ஆந் திகதி மட்டக்களப்புக் கடலிலே ஹேர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தவை யப்பானிய விமானங்கள். அக்கப்பல் இன்றும் நம் கடலடியிற் கிடக்கின்றது. குண்டு கொணர்ந்த நாடே பந்து கொணர்ந்ததை எண்ணியவாறு உள்ளே சென்றேன்.

மாணவர் சிலர் பயிற்சி செய்துகொண்டிருந்தனர். ஒருவர் களத்து மண்ணை வாரியால் இழுத்துச் சமன் செய்துகொண்டிருந்தார். என் கண் அவர்மீதே நின்றது. சாணமிட்டு மெழுகிய முற்றத்தைக் கூட்டும் பெண்ணின் கவனம் அவர் கையில் இருந்தது. உடற்கல்வி ஆசிரியர் ஆட்டத்தை விளக்கினார். சதுரம் ஒன்றை மூலை கீழாகத் திருப்பி வைத்தாற்போன்றது களம். மூலைக்கொன்றாக நான்கு தளங்கள். ஒன்றற்கும் அடுத்ததற்கும் இடையே 90 அடி. பந்தெறிபவன் 60 அடி 6 அங்குலத் தொலைவில் ஒரு சிறு மேட்டில் நின்று எறிவான். அடித்தவன் தளங்களைச் சுற்றி ஓடித் தொடங்கிய இடத்தை மீண்டும் அடைந்தால் ஓர் ஓட்டம். மூவர் ஆட்டமிழந்தால் முறை மாறும்.

“இது நம்மட எல்லேதானே!” என்றார் வங்கி நண்பர். அவர் கூறியதிற் பெரும்பகுதி சரியே. மூங்கிற்றடியும் டென்னிஸ் பந்தும் கொண்டு நம் பிள்ளைகள் ஆடும் எல்லேயிலும் அடித்தல், சுற்றியோடல், இடையிலே தரித்தல் யாவும் உண்டு. எல்லேயில் ஓடுபவன்மீது பந்தை எறிந்து வீழ்த்தலாம். பேஸ்போலின் பந்து கடினமானது, ஆகவே கையிற் பந்துடன் அவனைத் தொடவேண்டும். கரடியனாற்றுச் சிறுவர் வேளாண்மை வெட்டி முடிந்த வயலிலே எல்லே ஆடுவர். அடுத்த விதைப்புத் தொடங்கியதும் ஆட்டம் நின்றுவிடும். தடியும் பந்தும் அவர்களிடம் எந்நாளும் உள்ளன, மண்தான் இரவல்.

யப்பானிலே கோஷியன் என்னும் மைதானம் 1924 இல் அமைந்தது. உயர்தரப் பாடசாலைகளின் பெரும் போட்டி ஆண்டுதோறும் அங்கு நடைபெறும். தோற்ற அணியின் மாணவர் அக்களத்து மண்ணைச் சிறு பையிற் கண்ணீரோடு அள்ளிச் செல்வது வழக்கம். 1958 இல் ஒக்கினாவாத் தீவின் ஷுரி பாடசாலை மாணவரும் அவ்வாறே கொண்டு சென்றனர். அக்காலம் ஒக்கினாவா அமெரிக்க ஆட்சியின் கீழ் இருந்தது. அந்நிய மண் நுழையக்கூடாதென்று துறைமுகத்திலேயே அம்மண் எறியப்பட்டது. செய்தியறிந்த விமானப் பணிப்பெண்கள் கோஷியனின் கூழாங்கற்களைப் பொறுக்கி அம்மாணவருக்கு அனுப்பினர். இதனை நண்பர் கூறியபொழுது எம்மில் எவரும் சிரிக்கவில்லை. மண்ணுக்காக அழுவது நமக்குப் புதிதன்று.

பேஸ்போலின் தாயகமான அமெரிக்காவிலிருந்து நம் மட்டக்களப்புக்கும் ஆசிரியர் வந்தனர். நியூ ஓர்லியன்ஸ் பக்கத்து இயேசு சபைத் துறவியர் புனித மிக்கேல் கல்லூரியில் வளர்த்தது கூடைப்பந்து. அவர்கள் தம் நாட்டுப் பேஸ்போலை ஏன் வளர்க்கவில்லை? இடம் கருதியே என்பது என் ஊகம். கூடைப்பந்துக்கு 28 மீற்றர் நீளமும் 15 மீற்றர் அகலமும் போதும். எனினும் அவர்களுள் ஒருவரான வெபர் அடிகளாரின் பெயரை இன்று நகரில் ஒரு மைதானம் தாங்கி நிற்கின்றது. மண்டபம் கட்டிக்கொடுத்தோர் எத்தனைபேரின் பெயரை நாம் அவ்வாறு நாள்தோறும் உச்சரிக்கின்றோம்?

வானுக்குத் திரும்பியதும் என் கட்சி மாறியதை அறிவித்தேன். ஒப்பந்தகாரர் கோபித்தார். மழைக்காலத்திற் பரிசளிப்பு விழாவை எங்கே நடத்துவது என்று கேட்டார். அவர் கேள்வி நியாயமானதே. மண்டபம் வேண்டா என்று நான் சொல்லவில்லை. பழைய வகுப்பறைத் தொகுதியை இடித்து, கீழே வகுப்பும் மேலே மண்டபமுமாகக் கட்டலாம். செலவு கூடும், காலமும் செல்லும் என்ற குறிப்போடு அவரே அதனை ஒப்புக்கொண்டார். கட்டடத்திற்கு மேலே வானம் உண்டு. மைதானத்திற்கு அத்தகைய மாற்றிடம் கிடையாது. இன்று ஒரு மண்டபம், பின்னர் அதற்கொரு மலசலகூடம், அதன் பின்னர் வாகனத் தரிப்பிடம் என்று போனால் முடிவில் எஞ்சுவது கொடிக்கம்பத்தைச் சுற்றிய முற்றமே.

ஊர் திரும்பிய மறுவாரம் நால்வரும் கல்லூரிக்குச் சென்று, திட்டமிட்ட இடத்தைக் காலடியால் அளந்தோம். 200 மீற்றர் ஓட்டப் பாதையின் கீழ்வளைவு முழுவதும் மண்டபத்துள் அமிழ்கின்றது. விழாக்குழுவினர் இறுதி முடிவெடுக்குமுன் ஒரு மாலைப்பொழுதில் அங்கு வந்து, தாமே நடந்து பார்க்கவேண்டுமென வேண்டுகிறேன். பாடசாலை விட்டபின் வந்தால் நன்று. நாங்கள் அளந்துகொண்டிருந்த நேரம் முழுவதும், ஆறாந் தரச் சிறுவன் ஒருவன், பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, நாங்கள் எப்போது விலகுவோம் என்று காத்து நின்றான்.