மவுஸைத் தொடும் முன் பென்சிலைத் தொடுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி: "வீட்டுப் பிளான் போட எந்த சாப்ட்வேர் நல்லது?" நான் ஒரு சாப்ட்வேர் இன்ஜினியர். லிப்ரேகேட், ஸ்கெட்ச்அப் என்று பதில் சொல்வேன் என எதிர்பார்ப்பார்கள். நானோ ஒரு பென்சில், ஒரு ஸ்கேல், ஒரு கிராப் நோட்டு வாங்கச் சொல்கிறேன். காரணம், நான் பட்ட அனுபவம்.

குலசேகரத்தில் எங்கள் வீட்டைப் புதுப்பித்தபோது பிளானை நானே கம்ப்யூட்டரில் போட்டேன். கலர் பிரிண்ட் எடுத்ததும் வீட்டில் எல்லோருக்கும் பெருமை. வானம் தோண்டக் கயிறு கட்டும்போது கொத்தனார் அண்ணன் கேட்டார்: "மக்கா, இது படியா, ஏணியா?"

பிரிண்ட் அவுட்டின் பின்பக்கத்திலேயே பென்சிலால் போட்டுக் காட்டினார். மாடி உயரம் 10 அடி. படிக்கு 6 அங்குலம் என்றால் 20 ஏற்றம். கால் வைக்க 10 அங்குலம் வீதம் 19 படிகள் நேராகப் போக 15 அடி 10 அங்குலம் வேண்டும். நான் விட்டிருந்தது 8 அடி! கடைசியில் நடுவில் திருப்பி மடக்குப் படி கட்டினோம். ரப்பர் ஷீட் அடுக்க அம்மா ஆசையாகக் கேட்டிருந்த சின்ன அறை அந்தப் படிக்குள் போய்விட்டது.

தவறு சாப்ட்வேருடையது அல்ல, என்னுடையது. மானிட்டரில் ஜூம் செய்தால் குளியலறையும் திரை முழுக்கத் தெரியும், கல்யாண மண்டபமும் திரை முழுக்கத் தெரியும். எது பெரிது, எது சிறிது என்ற உணர்வே போய்விடும். காகிதத்தில் ஜூம் கிடையாது. ஒரு அளவு விகிதத்தை எடுத்துக்கொண்டால் கடைசி வரை அதே விகிதம்தான். அழிப்பதும் எளிதல்ல, அதனால் போடும் முன் யோசிப்போம்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பறளியாற்றின் மேல் நிற்கும் மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பார்த்திருப்பீர்கள். 28 தூண்கள், 115 அடி உயரம். 1966-ல் கட்டி முடித்தது. ஆட்டோகேட் வந்ததோ 1982-ல். அந்தக் காலத்தில் பாலமோ அணையோ, கையால் வரைந்த படத்தை வைத்துத்தான் கட்டினார்கள். திருவனந்தபுரத்தில் எத்தனையோ வீடுகளைக் கட்டிய லாரி பேக்கரும் கையால் வரைந்தவர்தான்.

சரி, எப்படித் தொடங்குவது? இன்றே உங்கள் அறையை டேப் வைத்து அளந்து கொள்ளுங்கள். 1:50 விகிதத்தில் ஓர் அடி என்பது ஏறக்குறைய 6 மி.மீ. 12-க்கு 10 அடி அறை 72-க்கு 60 மி.மீ. ஆகும். 9 அங்குலச் சுவர் 4.5 மி.மீ., 3 அடிக் கதவு 18 மி.மீ. கதவு திறக்கும் வழியை காம்பஸால் கால் வட்டமாகப் போடுங்கள்.

பிளான் என்பது தரையிலிருந்து சுமார் 4 அடி உயரத்தில் வீட்டைக் கிடையாக வெட்டி, மேலிருந்து பார்ப்பது. வெட்டுப்படும் சுவரை எச்பி பென்சிலால் அழுத்தமாகவும், அளவுக் கோடுகளை 2எச் பென்சிலால் மெல்லியதாகவும் போட வேண்டும். அடுத்து அட்டையில் 36-க்கு 24 மி.மீ. துண்டு ஒன்றை வெட்டுங்கள். அதுதான் உங்கள் 6-க்கு 4 அடிக் கட்டில். அறைக்குள் நகர்த்திப் பாருங்கள். கதவு இடிக்கிறதா என்று உடனே தெரிந்துவிடும்.

பிறகு அதே அறையைச் செங்குத்தாக வெட்டி ஒரு படம் போடுங்கள். இதற்கு செக்ஷன் என்று பெயர். படி, பரண், ஜன்னல் உயரம் எல்லாம் இதில்தான் பிடிபடும். நான் போடாமல் விட்டது இந்த ஒரு படத்தைத்தான்.

"கம்ப்யூட்டர் வாங்கிவிட்டு இன்னும் பென்சிலா?" என்று கேட்கலாம். திருத்துவதற்கும், பிரதி எடுப்பதற்கும், பிறருக்கு அனுப்புவதற்கும் கம்ப்யூட்டரை மிஞ்ச எதுவும் இல்லை. தொழிலாகச் செய்பவர்களுக்கு கேட் கட்டாயம் வேண்டும். ஆனால் கூட்டல் தெரியாதவருக்கு கால்குலேட்டர் தவறான விடையைத் தந்தாலும் தெரியாது அல்லவா? இதுவும் அப்படித்தான்.

பதினைந்து நாள், தினமும் அரை மணி நேரம் கையால் வரைந்து பாருங்கள். அதன்பின் சாப்ட்வேரைத் திறந்தால் திரையில் ஓடும் ஒவ்வொரு கோடும் என்னவென்று உங்களுக்குப் புரியும். கட்டப் போவது சொந்த வீடு என்றால், முதல் பிரிண்ட் எடுக்கும் முன் படியை மட்டும் ஒருமுறை பென்சிலால் போட்டுப் பார்த்துவிடுங்கள். சுவர் எழும்பிய பிறகு கன்ட்ரோல் இசட் வேலை செய்யாது!