தெருவில் நிற்பவர் யார் பொறுப்பு?

சடை பிடித்த தலையும் கந்தல் துணியுமாக ஒருவர் பேருந்து நிலையத்தில் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தால், சுற்றியிருப்பவர்கள் ஒதுங்கி நடக்கிறார்கள். யாராவது இரக்கப்பட்டு இட்லிப் பொட்டலம் வாங்கிக் கொடுப்பதுண்டு. அதற்கு மேல் என்ன செய்வதென்று அவருக்கும் தெரிவதில்லை.

செய்ய வேண்டியதை மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 தெளிவாகவே சொல்கிறது. மனநோயால் தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் அலைபவரைப் பாதுகாப்பில் எடுப்பது, அந்த எல்லைக்குரிய காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமை. 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் அடைக்கக் கூடாது. காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து, குடும்பத்தைத் தேடவும் வேண்டும். இத்தனையும் 100-வது பிரிவில் இருக்கிறது. காவலர் பயிற்சியில் திருட்டு வழக்குக்குக் கிடைக்கும் இடம் இந்தப் பிரிவுக்கும் கிடைக்க வேண்டும்.

மக்களைத் தடுப்பது பயம். கடுமையான மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. அடி வாங்குவதுதான் அதிகம். 2018 மே மாதம் பழவேற்காட்டில், பிள்ளை பிடிப்பவர் என்ற வதந்தியை நம்பிய கூட்டம் ஆதரவற்ற ஒருவரை அடித்தே கொன்றது.

மும்பை மனநல மருத்துவர் பரத் வட்வானியும் அவர் மனைவியும், சாக்கடைத் தண்ணீரைத் தேங்காய்ச் சிரட்டையில் மொண்டு குடித்த இளைஞர் ஒருவரைத் தங்கள் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். சிகிச்சையில் தெளிந்த பிறகுதான் தெரிந்தது, அவர் ஆந்திராவைச் சேர்ந்த பட்டதாரி. அந்தச் சந்திப்பிலிருந்து பிறந்த 'ஷ்ரத்தா' அமைப்பு, ஆயிரக்கணக்கானோரை வீடு சேர்த்திருக்கிறது. வட்வானிக்கு 2018-இல் மகசேசே விருது கிடைத்தது. சென்னையில் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் 1993-இல் 'தி பேன்யன்' தொடங்கியதற்கும் தெருவில் தவித்த ஒரு பெண்ணே காரணம். அப்போது இருவரும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார்கள்.

ஆனால், பிடித்து எங்காவது அடைத்துவிடுவது மீட்பு ஆகாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அந்தச் சாவுகளுக்குப் பிறகே உச்ச நீதிமன்றம் தலையிட்டது. இன்றைய சட்டத்தின் 95-வது பிரிவு சங்கிலியை எந்த வகையிலும் அனுமதிப்பதில்லை.

வீடு திரும்பிய பிறகும் வேலை முடிவதில்லை. மனச்சிதைவுக்கான மாத்திரையை நிறுத்தினால் பலருக்கு நோய் திரும்புகிறது. சிலர் மறுபடியும் வீட்டைவிட்டுப் போய்விடுகிறார்கள். கூலி வேலைக்குப் போகும் குடும்பம், மாதாமாதம் ஒரு நாள் சம்பளத்தை விட்டு மாவட்டத் தலைநகருக்குப் பேருந்து ஏற முடியாது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தருவதுபோல இந்த மாத்திரையையும் ஊரிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தடங்கலின்றித் தர வேண்டும்.