பாலர் கைவேலை: பரணிலிருந்து வந்த முட்டைகள்



ரயில்வே குடியிருப்புகளில் வாழும் நம்மவருக்கு ஈஸ்டர் பண்டிகை அயலானதன்று. நம்மிடையே கிறிஸ்தவக் குடும்பங்கள் பல உள்ளன. ஏனையோரும் அண்டை வீட்டார் வாயிலாக அதன் இனிமையை அறிவர். ஆயினும், அப்பண்டிகையில் முட்டைக்கு வர்ணம் தீட்டும் வழக்கம் எவ்வாறு வந்தது, அதைச் சிறுவர்க்குக் கற்பிக்கும் சித்திரப் புத்தகங்கள் எவை என்பதைப் பலர் அறியார். இம்மாதம் அவற்றைக் கூற விரும்புகிறேன்.

இடைக்கால ஐரோப்பாவில், ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் இறைச்சியோடு முட்டையும் விலக்கப்பட்டிருந்தது. கோழிகளோ விரதம் அறியா! அவை இட்ட முட்டைகள் வீட்டில் சேர்ந்தன. நோன்பு முடிந்த நாளில் அவையே விருந்தாயின. மூடிய ஓட்டினின்று உயிர் வெளிப்படுவது, கல்லறையினின்று கிறிஸ்து உயிர்த்தெழுந்ததன் அடையாளமாகவும் கொள்ளப்பட்டது. கீழ்த்திசைத் திருச்சபையினர் அவர் சிந்திய குருதியை நினைந்து முட்டைகளைச் செந்நிறமாக்குவர்.

இனிப் புத்தகங்களுக்கு வருவோம். அமெரிக்க ஓவியர் காதரின் மில்ஹவுஸ் எழுதிச் சித்திரமும் தீட்டிய ‘முட்டை மரம்’ என்னும் நூல் 1950-ல் வெளிவந்து, மறு ஆண்டு கால்டிகாட் பதக்கம் பெற்றது. பென்சில்வேனியாவில் ஒரு பண்ணை வீடு. ஈஸ்டருக்குப் பாட்டி வீட்டில் கூடிய குழந்தைகள். ஒளித்து வைத்த முட்டைகளைத் தேடும் விளையாட்டு. கேட்டி என்னும் சிறுமி பரணில் ஏறித் தேடியபோது, யாரும் எதிர்பாராத அழகிய வர்ண முட்டைகளைக் காண்கிறாள். அவை பாட்டி முன்னாளில் தன் கையால் தீட்டியவை. பிறகு பாட்டி குழந்தைகளை அருகில் இருத்தி அக்கலையைக் கற்பிக்கிறாள். அவர்கள் தீட்டிய முட்டைகள் ஒரு சிறு மரத்தின் கிளைகளில் தொங்குகின்றன.

இந்நூல் காட்டும் பென்சில்வேனியா ஜெர்மானியர், பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் தாய்நாடு விட்டுக் குடியேறியோரின் வழித்தோன்றல்கள். அவர்களுள் பல குடும்பங்களில் வீட்டு மொழி காலப்போக்கில் மறைந்தது; கைவேலையோ பாட்டியிடமிருந்து பேரக்குழந்தைக்குச் சென்றது. ஊர்விட்டு ஊர்வந்து வாழும் நாம் இதனைக் கருத்தூன்றி நோக்குதல் வேண்டும். முட்டைகள் பரணில் கிடந்தவரை அவை வெறும் பழம் பொருள்களே. பாட்டி குழந்தையின் அருகில் அமர்ந்த பொழுதுதான் அவை பிதுரார்ஜிதம் ஆயின.

குழந்தைகளுடன் இதனைச் செய்யும் முறை எளிது. பத்துப் பெரிய வெங்காயங்களின் காய்ந்த தோலை நான்கு டம்ளர் நீரில் அரைமணி நேரம் கொதிக்க வைத்து, வடிகட்டி ஆற விடுங்கள். ஒரு கரண்டி வினிகர் சேருங்கள். வெள்ளை முட்டை ஒவ்வொன்றின் மேலும் குழந்தை ஒரு கொத்துமல்லி இலையை ஒட்டட்டும்; அதை மெல்லிய துணியால் இறுகக் கட்டி, சாயநீரில் இட்டுப் பத்து நிமிஷம் வேகவைத்து, ஆறும் வரை அதிலேயே விட்டுவிடுங்கள். துணியை அவிழ்த்தால் செம்பழுப்பு நிறத்தினிடையே இலையின் வடிவம் வெண்மையாகத் தெரியும். அதைக் காணும் குழந்தையின் வியப்பே நம் கூலி.

இரண்டாவது நூல், பாட்ரீஷியா பொலாக்கோ 1988-ல் வெளியிட்ட ‘ரெச்செங்காவின் முட்டைகள்’. ஒரு மூதாட்டி பண்டிகைச் சந்தைக்கென முட்டைகளில் சித்திரம் தீட்டி வைக்கிறாள். அவள் காப்பாற்றி வளர்த்த காட்டு வாத்து அவற்றைத் தவறுதலாக உடைத்துவிடுகிறது. மறுநாள் முதல் அந்த வாத்து தானே வர்ண முட்டைகள் இடுகிறது! நூலாசிரியரின் முன்னோரும் கீழை ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறியவரே.

இந்நூலின் முட்டைகள் உக்ரைன் நாட்டின் ‘பிசங்கா’ பாணியைச் சேர்ந்தவை. ‘எழுதுதல்’ என்னும் பொருளுள்ள சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது. நம் முன்னோரும் சித்திரம் ‘எழுதுதல்’ என்றே கூறினர் அன்றோ? உருகிய தேன்மெழுகால் கோடு எழுதி, முட்டையை மஞ்சள், சிவப்பு, கறுப்பு என வெளிர்நிறம் முதல் அடர்நிறம் வரை ஒவ்வொன்றாகத் தோய்ப்பர். மெழுகு மூடிய இடத்தில் அடுத்த சாயம் ஏறாது. முடிவில் சுடரருகே காட்டி மெழுகைத் துடைத்தால் எல்லா நிறங்களும் ஒருங்கே தோன்றும். 2024-ல் யுனெஸ்கோ இக்கலையை மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

சிறு குழந்தைக்குச் சுடரும் சூட்டு மெழுகும் ஆகா. வேகவைத்து ஆறிய வெள்ளை முட்டையில் வெள்ளை மெழுகுவத்தியால் அது கோடு போடட்டும். அரை டம்ளர் வெதுவெதுப்பான நீரில் ஒரு கரண்டி வினிகரும், சமையலுக்குரிய வர்ணம் சில துளிகளும் கலந்து அதில் தோய்க்கவும். நீர் கொதித்தால் மெழுகு உருகிவிடும். வினிகரின் புளிப்பு சாயத்தை ஓட்டில் பற்றச் செய்கிறது. முட்டையைச் சுற்றி எழும் சிறு குமிழ்கள், ஓட்டின் சுண்ணாம்பு வினிகருடன் சேர்வதால் உண்டாவன. இதைக் குழந்தைக்குச் சொல்லிக் காட்டுங்கள்.

முட்டை வாங்காத இல்லத்தார் வருந்த வேண்டாம். கெட்டிக் காகிதத்தில் முட்டை வடிவம் கத்தரித்து, மெழுகால் கோடிட்டு, மேலே நீர்வர்ணம் பூசினாலும் அதே அதிசயம் நிகழும். புள்ளிக் கோலம் போடும் வீட்டில், மெழுகுவத்தியால் அக்கோலத்தையே எழுதலாம்.

பெற்றோர் ஒன்றை மறவாதிருக்க வேண்டும். கோடு கோணினால் கோணட்டும். குழந்தையின் கையைப் பிடித்துத் திருத்தினால் அம்முட்டை நம்முடையதாகிவிடும். உண்ணும் முட்டையை இரண்டு மணிக்கு மேல் வெளியில் வைக்கலாகாது.

மரத்தில் தொங்கவிட விரும்பினால், வர்ணமிடுமுன் பெரியவர் பச்சை முட்டையின் இரு முனையிலும் ஊசியால் துளையிட்டு, உள்ளிருப்பதை ஊதி வெளியேற்றி, சோப்பு நீரால் கழுவி உலர்த்த வேண்டும். குழந்தை வர்ணமிட்டபின் நூல் கோத்து, மணல் நிரப்பிய தொட்டியில் நட்ட கிளையில் கட்டுங்கள். பண்டிகை கழிந்ததும் அவற்றை எறிந்துவிடாதீர்கள். ஒவ்வொன்றின் அடியிலும் குழந்தையின் பெயரையும் ஆண்டையும் தமிழில் எழுதி, பஞ்சு வைத்த பெட்டியில் இட்டு, பரணில் பத்திரப்படுத்துங்கள்.