கம்போடியாவின் நாற்காலி, மியான்மரின் நாற்காலி

2022 பிப்ரவரியில் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்தில் ஒரு விசாரணை நடந்தது. ரோஹிங்கியா மக்களை இனப்படுகொலை செய்ததாக மியான்மர் மீது காம்பியா தொடுத்த வழக்கு அது. மியான்மரின் சார்பில் ஆஜரானவர்கள், ஓராண்டுக்கு முன் ஆட்சியைக் கவிழ்த்த இராணுவத்தின் ஆட்கள். அதே மாதத்தில் நியூயார்க்கில் ஐ.நா. பொதுச்சபையில் மியான்மரின் இருக்கை வேறொருவரிடம் இருந்தது. அதே இராணுவத்தை எதிர்த்து அந்தச் சபையிலேயே மூன்று விரல்களை உயர்த்திக் காட்டிய தூதர் க்யாவ் மோ துன் அவர். ஒரு நாடு, ஐ.நா.வின் இரண்டு அவைகளில் இரண்டு முகங்கள்.

2021 பிப்ரவரி 1 ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பிறகு மியான்மருக்கு உரிமை கோருபவர்கள் இரண்டு தரப்பினர். ஒன்று, தலைநகர் நேபிடாவைக் கையில் வைத்திருக்கும் இராணுவம். மற்றொன்று, 2020 தேர்தலில் வென்றவர்களும் சிறுபான்மைத் தேசிய இனங்களின் பிரதிநிதிகள் சிலரும் சேர்ந்து அமைத்த தேசிய ஒற்றுமை அரசு. ஐ.நா.வின் ஒன்பது பேர் கொண்ட நற்சான்றுக் குழு, எது உண்மையான அரசு என்று சொல்லாமல் முடிவைத் தொடர்ந்து தள்ளிப்போட்டது. தள்ளிப்போட்டதால் பழைய தூதர் இருக்கையில் நீடித்தார்.

இந்த நாற்காலிச் சண்டை வெறும் சடங்கு என்று நினைப்பவர்கள் கம்போடியாவைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும்.

1975 ஏப்ரல் முதல் 1979 ஜனவரி வரை போல் பாட்டின் கெமர் ரூஜ் அங்கே ஆண்டது. பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் செத்தவர்கள் 17 லட்சம் பேர் அளவில் இருப்பார்கள் என்பது பொதுவாக ஏற்கப்படும் மதிப்பீடு. வியட்நாம் இராணுவம் உள்ளே வந்து 1979 ஜனவரி 7 அன்று அந்த ஆட்சியை விரட்டியது. புனோம் பென்னில் ஹெங் சாம்ரின் தலைமையில் புதிய அரசு அமைந்தது. கெமர் ரூஜ் தாய்லாந்து எல்லைக் காடுகளுக்கு ஓடியது.

அந்த ஆண்டு செப்டம்பரில் கேள்வி ஐ.நா.வுக்கு வந்தது: கம்போடியாவின் இருக்கை யாருக்கு? 71 நாடுகள் கெமர் ரூஜ் அரசுக்கே என்று வாக்களித்தன. 35 நாடுகள் எதிர்த்தன, 34 விலகி நின்றன. அமெரிக்காவும் சீனாவும் ஒரே பக்கம். அந்நியப் படை நிறுவிய அரசை ஏற்க முடியாது என்பது அவர்கள் சொன்ன காரணம். அந்தக் காரணத்தைக் கேலி செய்து தள்ளிவிட முடியாது. நாளைக்கு எந்த வல்லரசும் 'விடுவிக்க வந்தேன்' என்று பக்கத்து நாட்டுக்குள் நுழையலாம் அல்லவா? ஆனால் அந்தக் கொள்கையைக் காப்பாற்ற இருக்கையைக் காலியாக வைத்தாலே போதும். அணிசேரா நாடுகள் அதே மாதம் ஹவானாவில் அதைத்தான் செய்தன. கொலைகாரர்களை உட்கார வைக்கத் தேவையே இல்லை.

அதற்கு மக்கள் என்ன விலை கொடுத்தார்கள்? அங்கீகாரம் இல்லாத அரசு என்பதால் ஐ.நா.வின் வளர்ச்சி உதவி புனோம் பென்னுக்கு மறுக்கப்பட்டது, அவசர நிவாரணம் மட்டுமே போனது. படித்தவர்களெல்லாம் கொல்லப்பட்டுவிட்ட நாட்டில் பள்ளியும் மருத்துவமனையும் குடிநீரும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்த காலம் அது. இந்தத் தனிமைப்படுத்தலைப் பற்றி ஆக்ஸ்ஃபாம் 1988இல் ஒரு புத்தகமே வெளியிட்டது. 'ஏழைகளைத் தண்டித்தல்' என்பதுதான் அதன் தலைப்பின் பொருள்.

நீதிக்கும் அதே கதிதான். 1979 ஆகஸ்டில் புனோம் பென்னில் ஒரு நீதிமன்றம் அமைத்துப் போல் பாட், இயெங் சாரி இருவரையும் இனப்படுகொலைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தார்கள். அவர்கள் நேரில் இல்லாத விசாரணை, குறைகள் நிறைய. ஆனால் உலகம் அதைப் புறக்கணிக்க, அது அங்கீகரிக்கப்படாத அரசின் நீதிமன்றம் என்பதே போதுமானதாக இருந்தது. 1982இல் சிஹானூக்கின் பெயரில் ஒரு கூட்டணி அரசு அறிவிக்கப்பட்டது. அதில் வெளியுறவைக் கவனித்தவர் கெமர் ரூஜின் கியூ சாம்பான். அதே மனிதரை இனப்படுகொலைக் குற்றவாளி என்று ஐ.நா. ஆதரவு பெற்ற நீதிமன்றம் அறிவித்தது 2018இல். போல் பாட் அப்படிப்பட்ட நீதிமன்றத்தைப் பார்க்காமலே 1998இல் செத்துப்போனார்.

இந்தியா 1980 ஜூலையில் ஹெங் சாம்ரின் அரசை அங்கீகரித்தது. சோவியத் நட்பும் சீனப் பகையும் அதில் கலந்திருந்தன. இருந்தாலும் அது சரியான முடிவு. இதைச் சொல்வதால் அந்த ஒரு கட்சி ஆட்சி ஜனநாயகமாகிவிடாது, அங்கிருந்து வந்த ஹுன் சென் எவ்வளவு காலம் நாற்காலியை விடாமல் பிடித்திருந்தார் என்பதும் மறந்துவிடாது.

அன்று எடுத்த அந்த முடிவை இன்று மியான்மர் விஷயத்தில் டெல்லி மறந்துவிட்டது. எல்லைப் பாதுகாப்பு, கலாதான் சாலை, சீனாவின் செல்வாக்கு என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. இராணுவத்தைக் கண்டித்து 2021 ஜூனில் பொதுச்சபை நிறைவேற்றிய தீர்மானத்தில் இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. 'தலைநகரம் யாரிடமோ அவரே அரசு' என்ற பழைய கணக்குக்கூட இங்கே உதவாது. நாட்டின் பெரும்பரப்பு இராணுவத்தின் கையில் இல்லை.

அதற்காகத் தேசிய ஒற்றுமை அரசைக் கண்ணை மூடிக்கொண்டு ஆதரிக்கச் சொல்லவில்லை. 2017இல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் வங்கதேசத்துக்கு விரட்டப்பட்டபோது பதவியில் இருந்தது இவர்களின் கட்சி. 2019 டிசம்பரில் ஹேக் நீதிமன்றத்துக்கே போய் நாட்டின் சார்பில் வாதாடி, இனப்படுகொலை நடக்கவில்லை என்றவர் ஆங் சான் சூ கீ. தேர்தலில் வென்றவர்கள் என்ற ஒற்றைத் தகுதி போதும் என்பவர்கள், அந்தத் தேர்தலில் ரோஹிங்கியாக்களுக்கு வாக்கே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அவர்களிடம் வாக்கு இல்லாததற்கு வேர் 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம். முழுக் குடிமகன், இணைக் குடிமகன், இயல்புரிமைக் குடிமகன் என்று மூன்று படிகள். 1823க்கு முன்பே அங்கே குடியிருந்த இனத்தில் பிறந்தவர்களுக்கு மேல் படி. பிறப்பை வைத்து மனிதர்களைப் படிகளில் நிறுத்தும் சட்டம் எப்படி வேலை செய்யும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆங்கிலேயர் காலத்தில் கப்பலேறிய தமிழரின் பிள்ளைகளும் அந்த 1823 கோட்டுக்கு வெளியேதான் பிறந்தார்கள்.

2021 ஜூன் 3 அன்று தேசிய ஒற்றுமை அரசு ஓர் அறிக்கை வெளியிட்டது. ரோஹிங்கியா என்ற பெயரையே சொல்லத் தயங்கியவர்கள் அந்தப் பெயரைச் சொன்னார்கள், அந்தச் சட்டத்தை ஒழிப்போம் என்றார்கள். பிறகு, ஹேக் வழக்கில் முன்பு எழுப்பிய பூர்வாங்க ஆட்சேபங்களைக் கைவிடுவதாகவும் அறிவித்தார்கள். நீதிமன்றம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை, இராணுவத்தின் வழக்கறிஞர்கள் அந்த ஆட்சேபங்களையே வாதாடினார்கள். 2022 ஜூலையில் நீதிமன்றம் அவற்றைத் தள்ளுபடி செய்தது.

என் கருத்தில் இந்தியா தேசிய ஒற்றுமை அரசை அங்கீகரிக்க வேண்டும், அந்த ஜூன் அறிக்கையை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றும் நிபந்தனையோடு. நாற்காலி தேவைப்படும் இந்த நேரத்தில்தான் அவர்கள் இதற்கு இணங்குவார்கள், வென்று நேபிடாவில் உட்கார்ந்த பிறகு அல்ல. அரிசியும் மருந்தும் அங்கீகாரத்துக்குக் காத்திருக்கக் கூடாது. எந்தப் பகுதி யார் கையில் இருக்கிறதோ, அவர்கள் வழியாக அவை போகட்டும்.

2021 மார்ச்சில் ஒன்றிய உள்துறை அமைச்சகம் வடகிழக்கு எல்லை மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது: மியான்மரிலிருந்து வருபவர்களைத் தடுத்து நிறுத்துங்கள் என்று. மிசோரம் அரசு மறுத்தது, முதல்வர் பிரதமருக்கே பதில் எழுதினார். மிசோ ஊர்மக்களும் சர்ச்சுகளும் இளைஞர் சங்கமும் சேர்ந்து தங்க இடமும் சோறும் கொடுத்தார்கள். 30,000க்கும் மேற்பட்ட சின் மக்கள் அப்படித்தான் அங்கே தங்கினார்கள்.