கடைசி போர்ட்டுக்கும் கரண்ட் வேணும்!

புது மாதிரி சிசிடிவி கேமராக்கள் பலவற்றுக்குத் தனியா கரண்ட் ஒயர் கிடையாது, கவனிச்சிருக்கீங்களா? ஒரே நெட்வொர்க் கேபிள்தான். படம் போவதும் அதில்தான், கரண்ட் வருவதும் அதில்தான். இதன் பெயர் ‘பவர் ஓவர் ஈதர்நெட்’. இதற்கான முதல் உலக விதிமுறை 2003-ல் வந்தது. அப்போது ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட். 2009-ல் 30 வாட், 2018-ல் 90 வாட் வரை உயர்ந்தது.

கரண்டைப் பங்கு போடுவது ‘நெட்வொர்க் ஸ்விட்ச்’ என்ற பெட்டி. கேபிளைச் சொருகியதும், மறுமுனையில் சுமார் 25 கிலோ ஓம் மின்தடை இருக்கிறதா என்று முதலில் சோதிக்கும். இருந்தால்தான் கொடுக்கும். அடுத்து, “நீ எந்த கிளாஸ்?” என்று கேட்கும். கிளாஸ் 1-க்கு 4 வாட், 2-க்கு 7 வாட், 3-க்கு 15.4 வாட். பதிலே சொல்லாத கருவிக்கும் 15.4 வாட் ஒதுக்கி வைக்கும்!

சிக்கல் இங்கேதான். 8 போர்ட் உள்ள ஒரு ஸ்விட்சிடம் மொத்தம் 65 வாட் இருக்குன்னு வைப்போம். 8 கேமரா மாட்டுகிறோம். ஒவ்வொன்றுக்கும் நிஜத் தேவை 6 வாட்தான். ஆனால் கிளாஸ் சொல்லவில்லை. 15.4 × 4 = 61.6. நாலு கேமராவோடு கணக்கு முடிஞ்சுபோச்சு! அதே கேமராக்கள் ‘கிளாஸ் 2’ என்று சொல்லியிருந்தால் 7 × 8 = 56. எட்டும் ஓடியிருக்கும். (நிஜமாக இழுக்கும் வாட்டை அளந்து கொடுக்கும் ஸ்விட்சுகளும் உண்டு.)

பற்றாக்குறை வந்தால் யாருக்கு வெட்டு? நாம் எதுவும் சொல்லாவிட்டால், பல ஸ்விட்சுகளில் எண் குறைந்த போர்ட்டுக்கே முதலிடம். நம்ம மாவட்டத்துக்காரங்களுக்கு இது புதுசா? கல்லணைக் கால்வாய்த் தண்ணி தஞ்சாவூர்ப் பக்கமெல்லாம் பாய்ஞ்சு, கடைசியாத்தான் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில் பக்கம் வருது. கடைமடை வயல் காஞ்சா, அது அந்த வயலோட குத்தமா? இல்லையே!

அதுபோல 1-ம் போர்ட் கேமரா வெறும் வராந்தாவைப் பார்க்கும். 8-ம் போர்ட் கேமரா, பிள்ளைங்க ரோட்டைக் கடக்கிற பள்ளி கேட்டைப் பார்க்கும். எண் வரிசைப்படி வெட்டினால் அணைவது கேட் கேமராதான். “பெரிய ஸ்விட்சா வாங்கிட்டா போச்சு” என்பார்கள். காசு இருந்தா வாங்கலாம். ஆனா நாளைக்கே இன்னும் நாலு கருவி சேர்ந்தா மறுபடியும் இதே கதைதான்.

எனவே என் கருத்து இது. அமைப்பை மாற்ற வசதியுள்ள ஸ்விட்சுகளில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் ‘கிரிட்டிக்கல், ஹை, லோ’ என்று முன்னுரிமை கொடுக்கலாம். மாட்ட வருகிறவர் அதைச் செய்யாமல் போகவிடக் கூடாது. எந்தப் போர்ட்டில் எந்தக் கருவி, எத்தனை வாட், எது முதலில் அணையலாம் என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டி பக்கத்தில் ஒட்டணும். அதை முடிவு செய்வது பள்ளிக்கூடமாக இருக்கணும், போர்ட் நம்பராக இருக்கக் கூடாது.

சிந்திப்போம் நண்பர்களே!

– பிளஸ் ஒன், கணினி அறிவியல் பிரிவு