பாஸ்போர்ட் வாங்கித் தந்த கால்பந்து

உலகக் கோப்பைக் கால்பந்து நடக்கும் ஆண்டில், அதற்குச் சற்று முன்னதாக இன்னொரு உலகக் கோப்பையும் நடப்பது வழக்கமாகியிருக்கிறது. தெருவோரக் குழந்தைகளுக்கான அந்தப் போட்டி 2010-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் எட்டு அணிகளோடு தொடங்கியது. பிறகு 2014-இல் ரியோ டி ஜெனீரோ, 2018-இல் மாஸ்கோ, 2022-இல் தோஹா. டர்பன் இறுதி ஆட்டத்தில் தான்சானியாவை வென்று முதல் கோப்பையைத் தூக்கியது இந்தியப் பிள்ளைகள்தான். பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனாலும் இப்படியொரு போட்டி எதற்காக என்ற கேள்விக்குக் கோல் கணக்கில் பதில் கிடைக்காது. அந்தக் குழந்தைகள் மைதானம் வந்து சேர்வதற்குள் எதையெல்லாம் தாண்ட வேண்டியிருந்தது என்று பார்த்தால் கிடைக்கும்.

வெளிநாடு போய் ஆட பாஸ்போர்ட் வேண்டும். அதன் விண்ணப்பம் பிறந்த தேதி, பெற்றோர் பெயர், முகவரி என்று கேட்டுக்கொண்டே போகும். தலைமுறைகளாக நடைபாதையில் குடியிருக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு, வீட்டு எண் கேட்கும் கட்டத்தில் எழுத எதுவும் இருக்காது. பிறப்பையே பலருக்குப் பதிந்திருக்க மாட்டார்கள். ஓராண்டு கடந்துவிட்டால் பதிய கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும். அதற்கு முன்னால், பிறப்பு பதிவாகவில்லை என்பதற்கே தனியாக ஒரு சான்று வாங்க வேண்டும். 2016 டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம் விதிகளைத் தளர்த்தியது. ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லத் தலைவர் தரும் கடிதத்தையே பிறந்த தேதிக்குச் சான்றாக ஏற்கலாம், தாய் தந்தையரில் ஒருவர் பெயர் இருந்தால் போதும் என்றது. நல்ல மாற்றம்தான். என்றாலும் அந்தக் கடிதத்தைத் தர ஓர் இல்லமோ அமைப்போ அந்தப் பிள்ளைக்கு வாய்த்திருக்க வேண்டுமே! 2018-இல் மாஸ்கோவில் ஆடிய இந்தியப் பெண்கள் அணி, வடசென்னையில் இயங்கும் கருணாலயா அமைப்பிலிருந்து போனது. இப்படி ஓர் அணியை அனுப்ப நினைக்கும் எந்த அமைப்பும் பயிற்சியாளரைத் தேடுவதற்கு முன்பே தாலுகா அலுவலகத்துக்கு நடக்க வேண்டியிருக்கிறது. அந்த அலைச்சலில் கிடைக்கும் காகிதங்கள் போட்டி முடிந்தபின் செல்லாமல் போய்விடுவதில்லை. பள்ளிச் சேர்க்கை, தேர்வு, வங்கிக் கணக்கு, வேலை என்று கேட்கும் இடமெல்லாம் அவையே பேசும்.

உலகில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ 15 கோடிப் பேரின் பிறப்பு பதிவாகவில்லை என்கிறது யுனிசெஃப். 1989-இல் ஐ.நா. நிறைவேற்றிய குழந்தை உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992-இல் ஏற்றது. அதன் 7-ஆம் பிரிவு, பிறந்ததும் பதிவுபெறும் உரிமையைச் சொல்கிறது. 12-ஆம் பிரிவு தன் கருத்தைச் சொல்லும் உரிமையை. 31-ஆம் பிரிவு விளையாடும் உரிமையை. மூன்றையும் ஒரு சேர நடைமுறைக்குக் கொண்டுவரும் இடங்கள் மிகக் குறைவு. இந்தப் போட்டி அவற்றில் ஒன்று. ஆட்டங்களுக்கு இடையே பிள்ளைகள் பொது அவையாகக் கூடி, காவல் துறையிடமும் அரசிடமும் தங்களுக்கு என்ன வேண்டும் என்று விவாதித்துக் கோரிக்கைகளாக எழுதுகிறார்கள். இந்தப் பகுதியைத்தான் நான் போட்டியின் உயிராகக் கருதுகிறேன்.

விமான டிக்கெட்டுக்குச் செலவாகும் பணத்தில் பல பிள்ளைகளைப் படிக்க வைக்கலாமே, சில நாள் பளபளப்பைக் காட்டிவிட்டு மீண்டும் நடைபாதைக்கே அனுப்புவது கொடுமை அல்லவா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. திறமையைப் பார்த்துப் பிள்ளையைப் பொறுக்கி, ஆடவிட்டு, கைவிட்டால் அது கொடுமைதான். அதனால்தான் அணிகள் உள்ளூரில் ஆண்டுக்கணக்கில் அந்தப் பிள்ளைகளோடு இருக்கும் அமைப்புகள் வழியாக வருகின்றன. திரும்பி வரும் பிள்ளையை வரவேற்க அங்கே தெரிந்த ஆட்கள் இருக்க வேண்டும். அப்படி ஆட்கள் இல்லாத அமைப்பைச் சேர்க்கவே கூடாது. ‘தெருக் குழந்தை’ என்ற முத்திரையே ஒரு காயம் என்பது அடுத்த ஆட்சேபம். இதை நான் பெருமளவு ஏற்கிறேன். மைக்கை நீட்டும்போதெல்லாம் ஒரு சிறுமி தன் துயரக் கதையைத் திரும்பச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது பெரியவர்களின் பசிக்குத் தீனி போடுவது. அவள் ஆடிய ஆட்டத்தைப் பற்றிக் கேளுங்கள், அவையில் அவள் வைத்த கோரிக்கையைப் பற்றிக் கேளுங்கள். போட்டியை நடத்தும் நாடு இதை வைத்து நல்ல பெயர் வாங்கப் பார்க்கும் என்பதும் உண்மை. அப்படிப் பெயர் வாங்க விரும்பும் அரசிடம் கோரிக்கையைக் கையில் கொடுப்பதற்கு அதைவிடப் பொருத்தமான நேரம் ஏது?

எனவே போட்டி நடத்துபவர்கள், அது முடிந்து ஓராண்டுக்குப் பிறகு, பெயர்களை வெளியிடாமல் ஒரு கணக்குத் தர வேண்டும்: ஆடியவர்களில் எத்தனை பேர் பள்ளியில் இருக்கிறார்கள், எத்தனை பேரின் குடும்பத்துக்கு முகவரி கிடைத்தது, அவர்களின் தம்பி தங்கைகளில் எத்தனை பேருக்குப் பிறப்புச் சான்றிதழ் வந்தது. அந்தக் கடைசிக் கேள்வி இங்கே அவசரமாகிவிட்டது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பாஸ்போர்ட்டில் பிறந்த தேதிக்கான சான்று பிறப்புச் சான்றிதழ் ஒன்றே என்று 2025-இல் விதி வந்துவிட்டது. அவர்களில் மூத்தவர்கள் 2037-இல் பதினான்கு வயதாகி, இப்படியொரு போட்டிக்காகப் பாஸ்போர்ட் கேட்டு நிற்கக்கூடும். அதுவரை காத்திருக்காமல், மாநகராட்சியும் வருவாய்த் துறையும் சேர்ந்து நடைபாதைக்கே போய் முகாம் போட்டு இந்தப் பிள்ளைகளின் பிறப்பைப் பதிய வேண்டும். ஓராண்டைத் தாண்டியவர்களுக்கான கோட்டாட்சியர் உத்தரவையும் அங்கேயே வழங்கிவிடலாம்.